முருங்கை இலைச் சாரம் எடுக்க அல்ட்ராசவுண்ட் கருவி வேண்டுமா, கலக்கும் தொட்டியே போதுமா?

முருங்கைக்கீரையைக் காயவைத்துப் பொடியாக்கி விற்பது கரூர், திண்டுக்கல், தேனிப் பக்கம் பல குழுக்களுக்குக் கைவந்த தொழில். அங்கே இப்போது அடுத்த பேச்சு சாரம், அதாவது இலையில் இருக்கும் பயனுள்ள பொருள்களைக் கரைப்பானில் கரைத்துப் பிரித்தெடுப்பது. மாத்திரை கம்பெனிகளும் அழகுசாதனம் செய்பவர்களும் பொடியைவிடச் சாரத்துக்குக் கூடுதல் விலை தருகிறார்கள் என்று தெரிந்ததும், எந்த இயந்திரம் வாங்குவது என்ற கேள்வி வருகிறது. திரவத்தில் ஒலியைப் பாய்ச்சும் அல்ட்ராசவுண்ட் கருவி விற்பவர்கள் மூன்று வாக்குறுதிகளோடு வருகிறார்கள்: ராத்திரி முழுக்க ஊறவேண்டியது இருபது நிமிடத்தில் முடியும்; சூடே படாது; சாரமும் அதிகம் கிடைக்கும்.

இந்த மூன்றில் முதலாவது உண்மை. இரண்டாவது, தனியாகக் குளிரூட்டும் ஏற்பாடு இருந்தால் மட்டும் உண்மை. மூன்றாவது எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சில லட்சம் ரூபாயை அந்தக் கருவியின் டைட்டானியம் கம்பியில் போடுவதற்கு முன் இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

எந்தப் பொருள் வேண்டும் என்பதே முதல் கேள்வி

வாங்குபவர் "முருங்கைச் சாரம்" என்று சொல்வதோடு நிறுத்திவிடுவார். அதற்குள் என்ன இருக்கவேண்டும் என்று நாம்தான் திரும்பக் கேட்கவேண்டும்.

பெரும்பாலும் அவர்கள் தேடுவது பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்களை. முருங்கை இலையில் அந்த வகையைச் சேர்ந்த குவெர்செட்டின், கெம்ப்ஃபெரால் ஆகியவை சர்க்கரையோடு பிணைந்த வடிவில் இருக்கின்றன. கூடவே குளோரோஜெனிக் அமில வகைகளும் உண்டு. இவை தண்ணீரும் எத்தனால் என்ற ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் நன்றாகக் கரையும். பாதிக்குப் பாதி கலவையோ, எத்தனால் எழுபது சதவீதம் வரை உள்ள கலவையோ இதற்குப் பொருத்தம். எத்தனால் அதற்கு மேல் ஏற ஏறப் பச்சையமும் மெழுகும் சேர்ந்து வந்து, சாரம் பசைபோல ஆகிவிடும்.

இரண்டாவது வகை வாங்குபவர் மோரிங்கின் கேட்பார். பச்சை முருங்கை இலையை மென்றால் நாக்கில் ஒரு காரம் தெரியுமே, அந்த வகைப் பொருள் அது. அது இலையில் அப்படியே இருப்பதில்லை. குளுகோமோரிங்கின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியே இருக்கின்றன. இலை நசுங்கித் தண்ணீர் பட்டவுடன் இரண்டும் சந்தித்து மோரிங்கின் உண்டாகிறது. சூடும் ஆல்கஹாலும் அந்த நொதியை முடக்கிவிடும். ஆகவே இங்கே முறை தலைகீழ்: குறைந்த சூட்டில் காயவைத்த இலை, குளிர்ந்த தண்ணீர், கொஞ்ச நேரம், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். பாலிஃபீனாலுக்கு எழுதிய செய்முறையை இதற்குப் போட்டால் மொத்த வேலையும் வீண்.

மூன்றாவது வகையினர் இரும்பு, கால்சியம், புரதம் என்று பேசுவார்கள். அவர்களுக்குப் பொடியே போதும். சாரம் எடுத்தால் புரதத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். அவர்களிடம் பொடியை நல்ல தரத்தில் விற்பதே நேர்மையான வியாபாரம்.

இனி வரும் ஒப்பீடு பெரும்பாலும் முதல் வகைக்கானது. அதுதான் சந்தையில் பெரிய பங்கு.

குமிழி செய்யும் வேலை

மனிதக் காதுக்கு எட்டாத, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலிதான் அல்ட்ராசவுண்ட். தாவரச் சாரம் எடுக்க 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியையே அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஒலி அலை திரவத்தை மாறி மாறி இழுக்கும், அழுத்தும். இழுக்கும்போது நுண்ணிய குமிழிகள் உருவாகும். சில சுற்றுகள் வளர்ந்தபின் சட்டென்று நொறுங்கும். நொறுங்கும் அந்தக் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் சில ஆயிரம் கெல்வின் வரை போகிறது, அழுத்தம் நூற்றுக்கணக்கான வளிமண்டலங்களாக ஏறுகிறது. ஆனால் அது இருக்கும் இடமும் நேரமும் மிகச் சிறியவை என்பதால் திரவம் கொதிப்பதில்லை.

கப்பல்களின் சுழல்விசிறிகளில் ஏன் உலோகம் அரிக்கப்படுகிறது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் குமிழிக் கணக்கு பிறந்தது. இயற்பியலாளர் ராலே பிரபு 1917-ல் அதை எழுதினார். பத்தாண்டு கழித்து, 1927-ல், ராபர்ட் வுட்டும் ஆல்ஃபிரட் லூமிஸும் பலமான உயர் அதிர்வெண் ஒலி திரவங்களிலும் உயிரணுக்களிலும் என்னென்ன செய்கிறது என்று விரிவாகக் காட்டினார்கள். உலோகத்தையே அரிக்கிற அந்த விசையைத்தான் நாம் இலையின் செல் சுவர்மேல் திருப்புகிறோம்.

திடப்பொருளின் அருகே குமிழி நொறுங்கினால் சமச்சீராக நொறுங்காது. ஒரு பக்கமாக உள்வாங்கி, நொடிக்கு நூறு மீட்டர் அளவிலான வேகத்தில் ஒரு நுண்தாரை அந்தப் பரப்பைக் குத்தும். செல் சுவர் கிழியும், கரைப்பான் உள்ளே புகும், துகளைச் சுற்றித் தேங்கி நிற்கும் திரவப் படலம் கலையும். இதனால் வெளியே வரும் வேகம் கூடுகிறது.

கூடுவது வேகம் மட்டுமே. கரைப்பானில் ஒரு பொருள் எவ்வளவு கரையும் என்பதை ஒலி மாற்றாது. ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மஞ்சள் நிறமியான குர்குமின் தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். தண்ணீரில் போட்டு எவ்வளவு நேரம் ஒலி பாய்ச்சினாலும் குர்குமின் தண்ணீரில் கரைந்து வரப்போவதில்லை. அதற்கு எத்தனாலோ அசிட்டோனோ எத்தில் அசிடேட்டோ வேண்டும். கொச்சியைச் சுற்றியுள்ள ஓலியோரெசின் (மசாலாவின் எண்ணெயும் பிசினும் சேர்ந்த சாரம்) ஆலைகள் இன்றும் பெரிய தொட்டிகளில் கரைப்பானை மேலிருந்து கீழே கசியவிட்டுத்தான் மசாலாச் சாரம் எடுக்கின்றன. கரைப்பான் சரியாக இருந்தால் பழைய முறையே டன் கணக்கில் வேலை செய்கிறது.

"அதிகம் கிடைக்கும்" என்பதன் உள்ளே

பொடியிலிருந்து சாரம் வருவது இரண்டு கட்டமாக. அரைக்கும்போதே உடைந்த செல்களில் இருப்பது முதல் சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடும். உடையாத செல்களுக்குள் இருப்பது மெதுவாக ஊர்ந்து வெளியே வரும். இந்த ஊர்தலுக்கு ஆகும் நேரம் துகளின் பருமனுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. துகளைப் பாதியாக்கினால் நேரம் கால் பங்காகும். அதாவது, நல்ல அரவை என்பதே ஒரு முடுக்கி. அதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம்.

முருங்கை இலை மெல்லியது. காய்ந்தபின் சுலபமாகப் பொடியாகும். ஆகவே அரைத்த முருங்கைப் பொடியில் ஒலிக்கு மிச்சம் இருக்கும் வேலை கொஞ்சம்தான். வேர், பட்டை, விதைத்தோல் போன்ற இறுகிய பொருள்களில் கதை வேறு. அங்கே கரைப்பான் உள்ளே போவதே பெரும்பாடு.

விற்பவர் காட்டும் வரைபடத்தில் ஒரு பக்கம் அல்ட்ராசவுண்ட் இருபது நிமிடம், மறுபக்கம் அசையாமல் வைத்த ஊறல் இருபது நிமிடம் என்று இருக்கும். அல்லது மறுபக்கம் பன்னிரண்டு மணி நேர ஊறல் இருக்கும், ஆனால் அது அறை வெப்பத்தில். ஒலி பாய்ச்சிய திரவமோ அதற்குள் 55 டிகிரிக்கு ஏறியிருக்கும். இது நியாயமான போட்டியே இல்லை. நியாயமான எதிராளி, அதே கரைப்பானில், அதே விகிதத்தில், அதே 55 டிகிரியில், நன்றாகக் கலக்கப்படும் ஒரு சாதாரணத் தொட்டி. நுண்ணிய இலைப் பொடிக்கு அந்தத் தொட்டியில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வரவேண்டியது வந்துவிடும். ஆக நிஜமான ஒப்பீடு பன்னிரண்டு மணிக்கும் இருபது நிமிடத்துக்கும் இடையே இல்லை. ஒரு மணிக்கும் இருபது நிமிடத்துக்கும் இடையே.

அந்த நாற்பது நிமிட மிச்சம் நமக்கு எந்த அளவுக்கு உதவும்? வடிகட்டவும் ஆவியாக்கவும் அரை நாள் ஆகிற இடத்தில் அது கணக்கிலேயே வராது.

சூடே படாது என்பது சரியா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். லிட்டருக்கு 100 வாட் ஒலி ஆற்றல் உள்ளே போனால், அதில் கிட்டத்தட்ட எல்லாமே கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். நிமிடத்துக்கு 1.4 டிகிரி. இருபது நிமிடத்தில் 28 டிகிரி. கோடையில் 32 டிகிரியில் ஆரம்பித்தால் 60-ல் முடியும். எத்தனால் கலந்திருந்தால் வெப்பக் கொள்ளளவு குறைவு என்பதால் இன்னும் வேகமாக ஏறும். ஆகவே சூடு படக்கூடாது என்றால் இரட்டைச் சுவர்த் தொட்டியும், அதில் குளிர்ந்த தண்ணீரைச் சுழற்றும் சில்லரும் வேண்டும். அந்த விலையையும் சேர்த்துத்தான் கருவியின் விலையைப் பார்க்கவேண்டும்.

குவெர்செட்டின் வகைகள் 50, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் இருப்பதால் பெரிதாகக் கெடுவதில்லை. வைட்டமின் சி குறையும், அதை நம்பி முருங்கைச் சாரம் விற்பவர் யாரும் இல்லை. மாறாக, அதீத ஒலியே கெடுதல் செய்யக்கூடும். தண்ணீரில் குமிழி நொறுங்கும்போது ஹைட்ராக்சில் என்ற வீரியமான மூலக்கூறுத் துண்டுகள் உண்டாகின்றன. அவை நாம் தேடி வந்த பாலிஃபீனால்களையே ஆக்சிஜனேற்றம் செய்யும். இருபது நிமிடம் நல்லது என்றால் ஒரு மணி நேரம் இன்னும் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் அளவு ஏறாமல் நின்று, பிறகு இறங்கவும் செய்யும்.

வெறும் தண்ணீரை மட்டும் கரைப்பானாக வைக்கத் தீர்மானித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலைப் பொடியைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைப்பது நம் ஊர் வெப்பத்தில் ஆகாத வேலை. புளித்துவிடும், நொதிகள் வேலை செய்து பழுப்பேறும். அங்கே குறைந்த நேரம் என்பது உண்மையான பலன்தான். ஆனால் அதே பலனை 80, 85 டிகிரி தண்ணீரில் பதினைந்து நிமிடம் கலக்கியும் பெறலாம். நொதியும் அடங்கும், கிருமிகளில் பெரும்பகுதியும் போகும். கஷாயம் வைப்பதில் நம் முன்னோர்கள் கண்ட அறிவு இங்கே அப்படியே செல்லுபடியாகிறது.

தொட்டியா, புரோப்பா?

அல்ட்ராசவுண்டிலேயே இரண்டு ஜாதி. ஒன்று, நகைக்கடையிலும் கண்ணாடிக்கடையிலும் கழுவப் பயன்படுத்தும் தொட்டி. பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ். விலை குறைவு. ஆனால் அதிர்வு தொட்டியின் அடியிலிருந்து வருகிறது, உள்ளே வைக்கும் பாத்திரத்தின் சுவரைத் தாண்டுவதற்குள் பலம் குறைந்துவிடுகிறது, இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஒரு அலுமினியம் ஃபாயில் துண்டை உள்ளே பிடித்துப் பாருங்கள். சில இடங்களில் பொத்தல் பொத்தலாகும், சில இடங்களில் ஒன்றுமே ஆகாது. பரிசோதனைக்கு இது போதும். உற்பத்திக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இன்னொன்று புரோப். டைட்டானியம் கலவைக் கம்பியை நேரே திரவத்தில் இறக்குவது. வழக்கமாக 20 கிலோஹெர்ட்ஸ். பலம் அதிகம், ஆனால் முனையிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் அந்தப் பலம். நூறு லிட்டர் தொட்டியில் ஒரு புரோப்பைத் தொங்கவிட்டால் ஓரத்தில் இருக்கும் பொடிக்கு எதுவுமே நடக்காது. ஆகவே பெரிய அளவில் செய்யும்போது, திரவத்தைப் பம்பில் எடுத்து புரோப் பொருத்திய சிறு அறை வழியாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதில் பொடி அடைத்துக்கொள்ளாமல் இருக்க விகிதமும் அரவையும் சரியாக அமையவேண்டும். முனை நாளடைவில் அரிக்கும். அப்படி உதிரும் டைட்டானியத் தூள் சாரத்தில்தான் சேரும். அதனால் முனையை அவ்வப்போது மாற்றவேண்டும், நல்ல வடிகட்டியும் வேண்டும். 20 கிலோஹெர்ட்ஸ் கேட்காது என்றாலும் குமிழிகள் எழுப்பும் கீச்சொலி காதைத் துளைக்கும். ஒலித்தடுப்புப் பெட்டியும் காதுக்கவசமும் இல்லாமல் யாரையும் அதன் அருகே நாள் முழுக்க நிறுத்தக்கூடாது.

வடிகட்டுவதில் இன்னொரு தலைவலி உண்டு. பலமான ஒலி துகளை மேலும் பொடியாக்கும். துணியும் தகடும் சீக்கிரம் அடைக்கும். இருபது நிமிடத்தில் சாரம் எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் வடிகட்டுவது யாருக்கும் லாபமில்லை.

பணம் போகும் இடம்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. 10 கிலோ பொடிக்கு 1:15 விகிதத்தில் 150 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 100 வாட், இருபது நிமிடம் என்றால் லிட்டருக்கு 0.033 யூனிட் மின்சாரம், மொத்தம் 5 யூனிட். கருவியின் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். சரி, இப்போது அந்த 150 லிட்டரை ஆவியாக்கவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.63 யூனிட் அளவுக்கு வெப்பம் தேவை. மொத்தம் 94 யூனிட், வீணாகும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே. எத்தனாலுக்கு இது குறைவு, லிட்டருக்கு 0.18 யூனிட் அளவு. ஆனால் எத்தனாலை மீட்டு எடுக்காவிட்டால் போவது விலை உயர்ந்த கரைப்பான்.

ஆக, சாரம் எடுக்கும் முறையைவிட எத்தனை லிட்டரில் எடுக்கிறோம் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. அல்ட்ராசவுண்டால் 1:15-ஐ 1:10 ஆகக் குறைக்க முடிந்தால் அதுதான் பெரிய ஆதாயம், நேரம் இல்லை. அதே குறைப்பை எதிரோட்ட முறையிலும் பெறலாம். மூன்று தொட்டிகள் வைத்து, புதுக் கரைப்பானை ஏற்கெனவே இரண்டு முறை கழுவிய சக்கையில் ஊற்றி, அந்த வடிநீரை அடுத்த தொட்டிக்கு, அதன் வடிநீரைப் புதுப் பொடிக்கு என்று நகர்த்துவது. வேலையாள் கவனம் கூடுதலாக வேண்டும், கருவிச் செலவு மிகக் குறைவு.

அப்புறம் சக்கை. காய்ந்த இலைப் பொடி தன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு திரவத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 10 கிலோ பொடி 35 லிட்டரைப் பிடித்துக்கொண்டால், 150 லிட்டரில் கரைந்த சாரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. அல்ட்ராசவுண்ட் தருவதாகச் சொல்லும் கூடுதல் சாரம் இதற்குள் அடங்கிவிடும். சக்கையைத் திருகிப் பிழியும் ஒரு நல்ல ஸ்க்ரூ பிரஸ் அதில் பெரும்பகுதியைத் திரும்பக் கொடுக்கும். பிரஸ் இல்லாமல் புரோப் வாங்கியிருக்கும் ஆலையைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை.

மைக்ரோவேவ், கார்பன் டை ஆக்சைடு, சாக்ஸ்லெட்

மைக்ரோவேவ் முறை செல்லுக்குள் இருக்கும் ஈரத்தையே சூடாக்கி உள்ளிருந்து வெடிக்கவைக்கிறது. வேகத்தில் அல்ட்ராசவுண்டுக்குச் சளைத்ததல்ல. ஆனால் பெரிய அளவில் சீராகச் சூடாக்குவது கடினம். ஆல்கஹால் இருக்கும் பாத்திரத்தை வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பதை யாரும் முயலவே கூடாது, தீப்பிடிக்கும்.

கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது திரவமும் வாயுவும் அல்லாத ஒரு நிலையில் கரைப்பானாக வேலை செய்யும். கரைப்பான் மிச்சமே இருக்காது, அது பெரிய வசதி. ஆனால் அது எண்ணெய்த்தன்மை உள்ள பொருள்களையே விரும்பி எடுக்கும். மிளகு, இஞ்சி, ஏலக்காய் வாசனை, மஞ்சள் எண்ணெய், முருங்கை விதை எண்ணெய் ஆகியவற்றுக்குப் பொருத்தம். முருங்கை இலையின் பாலிஃபீனாலை அது தனியாக எடுக்காது, எத்தனால் துணை வேண்டும். முதலீடு கோடிக் கணக்கில். நம் கேள்விக்கு இது விடை இல்லை.

ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் 1879-ல் விவரித்த கண்ணாடிக் கருவி இன்றும் எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. பொடியில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நல்ல கருவி. உற்பத்திக்கு இல்லை.

ஆல்கஹாலும் ஒலியும் ஒரே அறையில்

எத்தனாலின் தீப்பற்றும் வெப்பநிலை 13 டிகிரி அளவில். அதாவது நம் ஊரில் எந்த நாளும், எந்த நேரமும் அதன் ஆவி பற்றக்கூடியது. புரோப் அந்தத் திரவத்தைச் சூடாக்குவதோடு மேற்பரப்பில் நுண்துளிப் பனியாகவும் எழுப்பும். மூடாத தொட்டி, சாதாரண ஸ்விட்ச், பக்கத்தில் ஜெனரேட்டர் என்று இருந்தால் விபத்து நடக்க எல்லாமே தயார். எத்தனாலோடு ஒலி பயன்படுத்துவதானால் மூடிய ஓட்ட அறை, தீப்பொறி எழாத மின்சாதனங்கள், ஆவியை வெளியேற்றும் காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். கலக்கும் தொட்டிக்கும் இதே விதி உண்டு. ஆனால் அங்கே தீத்தடுப்பு மோட்டார் ஒன்று கிடைப்பது சுலபம். தீத்தடுப்புச் சான்றோடு வரும் புரோப் கிடைப்பது அரிது, விலையும் பலமடங்கு.

ரெக்டிஃபைடு ஸ்பிரிட் என்ற செறிந்த எத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி தாமதமாகிறதே என்று டீநேச்சர்டு ஸ்பிரிட்டை வாங்கி உணவுச் சாரம் எடுப்பது பெரும் தவறு. குடிக்க முடியாதபடி சேர்க்கப்பட்ட பொருள்கள் அப்படியே சாரத்தில் தங்கும். மெத்தனாலும் அப்படித்தான். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மெத்தனால் அடிக்கடி வரும், அது அளப்பதற்கானது, சாப்பிடும் பொருள் தயாரிக்க அல்ல. இந்த அனுமதிகளெல்லாம் முடியாத சிறு குழுவுக்கு வெந்நீர் முறைதான் பாதுகாப்பான வழி, கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும்.

சக்கையைத் திரும்ப ஊறவைத்துப் பாருங்கள்

வாங்கலாமா வேண்டாமா என்பதை உங்கள் பொடியை வைத்தே தீர்மானித்துவிடலாம், கருவி கையில் இல்லாமலேயே. ஒரே சல்லடையில் சலித்த பொடியை, நீங்கள் தேர்ந்த கரைப்பானில், 55 டிகிரியில் ஒரு மணி நேரம் நன்றாகக் கலக்குங்கள். வடிகட்டிப் பிழியுங்கள். அந்தச் சக்கையில் புதுக் கரைப்பான் ஊற்றி மறுபடி அதே போல் எடுங்கள். மூன்றாவது முறையும். ஒவ்வொரு வடிநீரிலும் எவ்வளவு குவெர்செட்டின் வந்தது என்று ஆய்வகத்தில் அளந்து வாங்குங்கள். முதல் இரண்டு முறையில் எல்லாம் வந்து, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை என்றால், சக்கையில் அல்ட்ராசவுண்ட் போய் எடுப்பதற்கு அனேகமாக எதுவும் மிச்சமில்லை. மூன்றாவதிலும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், செல்களுக்குள் இன்னும் சரக்கு அடைபட்டிருக்கிறது. முதலில் அரவையை நுண்மையாக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் புரோப்பை யோசிக்க நியாயம் இருக்கிறது.

அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. காய்ந்த சாரத்தின் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பலமான ஒலி புரதத்தையும் பிசினையும் சேர்த்து வெளியே இழுக்கும். எடை கூடும், அதற்குள் குவெர்செட்டினின் சதவீதம் குறையும். மொத்த ஃபீனால் அளக்கும் ஃபோலின் சோதனையும் வைட்டமின் சி போன்றவற்றைச் சேர்த்தே எண்ணிவிடும். ஒவ்வொரு பொருளையும் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. முறையில் தனித்தனியாக அளந்து, ஒரு கிலோ இலைப் பொடிக்கு எத்தனை கிராம் என்று கேட்பதே சரி. தஞ்சாவூர் நிஃப்டெம், கோவை வேளாண் பல்கலைக்கழகம், மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. போன்ற இடங்களில் உணவுப் பதப்படுத்தலுக்கான ஆய்வகங்கள் இருக்கின்றன. வாங்குமுன் அவர்களோடு பேசிவிட்டு வருவது செலவில் சேராது.

என் வரிசை

முருங்கை இலைப் பாலிஃபீனால்தான் சரக்கு, மாதம் சில நூறு கிலோ பொடிதான் அளவு என்றால் நான் இப்படி வாங்குவேன்: நல்ல உலர்த்தியும் அரவையும், வெந்நீர்ச் சட்டை போட்ட கலக்கும் தொட்டி, ஸ்க்ரூ பிரஸ், வெற்றிட ஆவியாக்கி. அல்ட்ராசவுண்ட் இதற்கெல்லாம் பிறகு. முதலில் இலையே சரியாகக் காயவில்லை என்றால் எந்த முறையும் காப்பாற்றாது. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை நிழலில், காற்றோட்டத்தில், சீக்கிரம் வெளியேற்றாவிட்டால் பாலிஃபீனால் ஊறல் தொட்டிக்கு வருமுன்பே கெட்டிருக்கும்.

இந்த வரிசையை மாற்றச் சொல்லும் சூழல்களும் உண்டு. வேர், பட்டை, மாதுளைத் தோல் போன்ற இறுகிய மூலப்பொருள்களில் பலவகைச் சாரம் சிறு சிறு தொகுதிகளாக எடுப்பவருக்குப் புரோப் நல்ல கருவி. சூடு தாங்காத நிறமிகள் எடுப்பவருக்கும், சில்லரோடு சேர்த்தால், அது உதவும். மஞ்சள் எண்ணெயையோ குர்குமினையோ தண்ணீரில் பால்போல் கலக்கும் பானம் செய்ய நினைப்பவர் அதே புரோப்பால் எண்ணெய்த் துளிகளை மிக நுண்ணியதாக உடைக்கலாம். அங்கே கலக்கும் தொட்டியால் அதன் அருகில்கூட வரமுடியாது. ஒரே கருவி இரண்டு வேலைக்கு என்றால் விலைக் கணக்கும் மாறும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்குவது என்று முடிவானால், விற்பவர் முன்னிலையிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். 10 லிட்டர் தண்ணீரை ஊற்றி, சில்லரை நிறுத்திவிட்டு, கருவியை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 4 டிகிரி ஏறியிருந்தால் உள்ளே போனது 167 கிலோஜூல், அதாவது சுமார் 560 வாட். பெட்டியில் 1500 வாட் என்று ஒட்டியிருந்தாலும் உங்கள் இலைக்குக் கிடைப்பது அந்த 560 தான். மாற்று முனையின் விலை, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், எத்தனாலோடு ஓட்டலாம் என்ற சான்று ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பொடியையே கொடுத்து, அவர்கள் கருவியில் ஓட்டி, வடிநீரையும் சக்கையையும் இரண்டையும் திரும்ப வாங்கி வந்து, உங்கள் தொட்டியில் எடுத்ததோடு ஒரே ஆய்வகத்தில் ஒரே நாளில் அளக்கக் கொடுங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்கவேண்டாம்.